வாசகர் கேள்வி – பதில்: அமிலத்தன்மை கூடும் கடலும் பவளத்திட்டுகளும்

சென்ற இதழில் கடல் வெப்பத்தால் பவளங்கள் வெளிறுவதைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த வாசகர்களில் பலர், கட்டுரையில் ஒரே வரியில் வந்துபோன கடல் அமிலமாதலை, அதாவது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து கடல்நீரின் அமிலத்தன்மை கூடுவதைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்குகிறோம்.

கடல்நீரின் பி.எச். மதிப்பு 8.2இலிருந்து 8.1ஆகக் குறைந்திருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் அது இன்னும் காரமாகத்தானே இருக்கிறது? இந்த 0.1 மாற்றத்துக்கு இவ்வளவு கவலை தேவையா?
— ஓர் ஆசிரியை, பரமக்குடி

கடல்நீர் இன்றும் காரத்தன்மை உடையதுதான். பி.எச். என்பது ஒரு நீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் எண்; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். திறந்த கடலின் மேற்பரப்பு இந்த நூற்றாண்டில் 7க்குக் கீழே இறங்கப்போவதும் இல்லை. ஆனால் பி.எச். அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் அடுத்ததைவிடப் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிப்பதால், 0.1 குறைந்தது என்றால் நீரில் அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 26 சதவீதம் கூடிவிட்டன என்று பொருள், 0.3 குறைந்தால் அவை இரண்டு மடங்காகிவிடும். தங்களைச் சுற்றியிருக்கும் நீரிலிருந்தே எலும்புக்கூட்டை உருவாக்கிக்கொள்ளும் உயிர்களுக்கு இது சிறிய மாற்றம் அல்ல.

காரணம் காற்றில் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியேற்றும் இந்த வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் தொடங்கிய காற்று அளவீட்டையும், அந்தத் தீவுகளுக்கு வடக்கே ஆழ்கடலில் உள்ள அலோஹா நிலையத்தில் 1988 முதல் எடுக்கப்படும் நீர் அளவீட்டையும் ஒரே தாளில் வரைந்தால், காற்றில் வாயுவின் கோடு ஏற ஏற, நீரின் பி.எச். கோடு இறங்கிக்கொண்டே போவதைக் காணலாம்.

அளவைவிட எனக்கு அச்சம் தருவது வேகம். ஏறத்தாழ 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் கடல் அமிலமானது; ஆழ்கடல் அடித்தளத்தில் படிந்திருந்த சுண்ணாம்பு அப்போது கரைந்துபோனதற்கான தடயம் மண் படிவுகளில் இன்றும் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்தது. நாம் அதே திசையில் சில நூறு ஆண்டுகளுக்குள் போய்க்கொண்டிருக்கிறோம்.

கால்சியம் கார்பனேட்டில் கார்பன் இருக்கிறது. கடலில் கார்பன் கூடினால் பவளத்துக்குக் கட்டுமானப் பொருளும் கூடத்தானே வேண்டும்? பிறகு ஏன் வளர்ச்சி குறைய வேண்டும்?
— வேதியியல் மாணவர், திருச்சிராப்பள்ளி

அருமையான கேள்வி, இந்த விஷயத்தின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

கடல்நீரில் கரைந்திருக்கும் கனிமக் கார்பனில் ஏறத்தாழ 90 சதவீதம் பைகார்பனேட்டாகவும், எஞ்சியதில் பெரும்பகுதி கார்பனேட் அயனியாகவும் இருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடாகவே இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. காற்றிலிருந்து புதிதாக வரும் வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, அது உடனே பைகார்பனேட்டாகவும் ஹைட்ரஜன் அயனியாகவும் பிரிகிறது. இப்படி விடுபட்ட ஹைட்ரஜன் அயனி சும்மா இருப்பதில்லை. நீரில் ஏற்கெனவே இருக்கும் கார்பனேட் அயனியோடு சேர்ந்து அதையும் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. எனவே மொத்தக் கார்பன் கூடும்போதே, சுண்ணாம்பு படிவதற்குத் தேவையான கார்பனேட் அயனி குறைகிறது.

பவளத்தின் எலும்புக்கூடு அரகோனைட் என்னும் சுண்ணாம்பு வகையால் ஆனது. ஒரு நீரில் அரகோனைட் எவ்வளவு எளிதாகப் படியும் என்பதைச் செறிவு நிலை என்ற எண்ணால் குறிக்கிறார்கள். அது 1க்கு மேல் இருந்தால் தூய அரகோனைட் கரையாது என்பது வேதியியல் விதி. ஆனால் பவளத்திட்டுகள் செழித்து வளர்ந்திருக்கும் வெப்பமண்டல நீரில் இந்த எண் பெரும்பாலும் 3க்கு மேலேயே இருக்கிறது. அதாவது கரையும் எல்லையை எட்டுவதற்கு வெகு முன்பே பவளத்துக்குச் சிரமம் தொடங்கிவிடுகிறது. அரிசோனா பாலைவனத்தில் கண்ணாடிக் கூரையின் கீழ் அமைக்கப்பட்ட பயோஸ்பியர் 2 நிலையத்தின் செயற்கைக் கடலில் கிறிஸ் லாங்டனும் உடன் பணியாற்றியோரும் 1990களில் செய்த சோதனைகள், இந்தச் செறிவு நிலை இறங்க இறங்கத் திட்டு முழுவதும் சுண்ணாம்பு சேர்க்கும் வேகமும் குறைவதைக் காட்டின.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். பவள உயிரி கடல்நீரை அப்படியே பயன்படுத்துவதில்லை. தன் திசுவுக்கும் எலும்புக்கூட்டுக்கும் இடையே உள்ள மிக மெல்லிய இடைவெளியில் நீரைச் சேர்த்து, அதிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளி, அங்கே பி.எச். மதிப்பை உயர்த்திக்கொண்ட பிறகே சுண்ணாம்பைப் படியவைக்கிறது. வெளிநீர் அமிலமாக ஆக இந்த வேலை கடினமாகிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல், இனப்பெருக்கத்துக்கும் காயம் ஆறுவதற்கும் செல்ல வேண்டிய ஆற்றல்தான்.

ஆய்வகத் தொட்டியில் நடப்பது வேறு, கடலில் நடப்பது வேறு. உண்மையான பவளத்திட்டில் இதைக் காட்டியிருக்கிறார்களா?
— ஓய்வுபெற்ற பொறியாளர், கோயம்புத்தூர்

காட்டியிருக்கிறார்கள். இரண்டு இடங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, பப்புவா நியூ கினியின் மில்னே விரிகுடா. அங்கே எரிமலைப் பகுதியின் கடலடியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குமிழ்களாகப் பவளத்திட்டின் நடுவே இடைவிடாமல் வெளிவருகிறது. வாயு ஏறத்தாழத் தூயது. நீரைச் சூடாக்குவதும் இல்லை. குமிழ் வரும் இடத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல பி.எச். மதிப்பு படிப்படியாக இயல்புக்குத் திரும்புகிறது. எதிர்காலக் கடலையும் இன்றைய கடலையும் சில நூறு மீட்டர் தொலைவுக்குள் அருகருகே வைத்துப் பார்க்கக்கூடிய இடம் உலகில் மிக அரிது. கத்தரீனா ஃபாப்ரீசியஸ் தலைமையிலான ஆஸ்திரேலியக் கடலியல் நிறுவனக் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, பி.எச். 7.8 வரை இறங்கிய இடத்திலும் பவளங்கள் மூடியிருந்த பரப்பு ஏறக்குறைய அதே அளவில்தான் இருந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்வார். ஆனால் எவை மூடியிருந்தன என்று பார்த்தபோதுதான் மாற்றம் தெரிந்தது. பாறாங்கல் வடிவில் மெதுவாக வளரும் போரைட்டஸ் இனங்கள் இரண்டு மடங்காகியிருந்தன. கிளைவிட்டும் தட்டுத்தட்டாகவும் வளர்ந்து மீன்களுக்கு ஒளிவிடம் தரும் இனங்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தன. கல் பவளங்களின் இன வகை 39 சதவீதம் குறைந்திருந்தது. பாறைமேல் இளஞ்சிவப்பு மேலோடாகப் படர்ந்து, பவளத்தின் இளம் குடம்பிகள் வந்து ஒட்டுவதற்கு இடம் தரும் சுண்ணாம்புப் பாசி பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தது. 7.7க்குக் கீழே பவளத்திட்டே உருவாகவில்லை.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள ஒன் ட்ரீ தீவு. அங்கே தாழ்வோதத்தின்போது நீர் ஒரே திசையில் திட்டின் மேலாக ஓடும். ரெபெக்கா ஆல்பிரைட், கென் கால்டெய்ரா ஆகியோரின் குழு அந்த ஓட்டத்தில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து, நீரின் வேதியியலைத் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்கு அருகே கொண்டுசென்றது. கூடவே ஒரு சாயத்தையும் கலந்து, காரநீர் எங்கே போகிறது என்பதைத் தொடர்ந்தது. 2016இல் வெளியான அந்த முடிவில் திட்டு சுண்ணாம்பு சேர்க்கும் வேகம் சுமார் 7 சதவீதம் உயர்ந்திருந்தது. எதிர்காலத்தில்தான் பாதிப்பு வரும் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று அந்த 7 சதவீதம் காட்டியது. பின்னர் அதே இடத்தில் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து, இந்த நூற்றாண்டின் இறுதியில் எதிர்பார்க்கப்படும் நிலையை உண்டாக்கியபோது வேகம் 34 சதவீதம் சரிந்தது; அந்த முடிவு 2018இல் வெளியானது.

பழைய பவளங்களின் உள்ளேயும் சான்று இருக்கிறது. போரைட்டஸ் பவளம் ஆண்டுதோறும் ஒரு பட்டையாக வளர்வதால், அதைத் துளைத்து எடுத்த உருளையில் பல பத்தாண்டுகளின் வரலாற்றைப் படிக்க முடியும். வெளிச்சத்தை நோக்கி மேலே வளரும் வேகத்தைவிட, அப்படி வளரும் எலும்புக்கூட்டின் அடர்த்தியையே அமிலமாதல் அதிகமாகப் பாதிக்கிறது என்று இவ்வகை ஆய்வுகள் காட்டுகின்றன. பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1950ஐ ஒட்டிய காலம் முதல் இந்த அடர்த்தி ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்ததற்கு அமிலமாதலே காரணம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. உயரம் குறையாமல் உறுதி குறைகிறது என்பதால், இந்தச் சேதத்தை முக்குளிப்பவரின் கண் காணாது. புயல் அலை அடிக்கும் நாளில்தான் வெளிப்படும்.

முருகைக்கற்பாறைகள் (பவளத்திட்டுகள்) வெளிறுவதும் இந்த அமிலமாதலும் ஒன்றா, வேறு வேறா?
— யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி

வேறு வேறு, ஆனால் இரண்டுக்கும் மூலம் ஒன்றே. வெளிறுதல் வெப்பத்தால் வருவது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடிய நீர் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தன் திசுவில் குடியிருக்கும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போவதோடு, அது உண்டு வாழும் உணவின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. அமிலமாதலில் இத்தகைய திடீர்க் காட்சி எதுவும் இல்லை. நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்ற வேறுபாடும் கிடையாது.

இரண்டும் சந்திக்கும் இடம் ஆற்றல்தான். ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ள ஆற்றல் வேண்டும் என்றோம். அந்த ஆற்றலைத் தருபவை நுண்பாசிகள். வெளிறிய பவளம் அவற்றை இழந்த நிலையில் அமிலநீரையும் எதிர்கொள்கிறது. வெப்பம் கொன்ற இடத்தில் புதுப் பவளம் வந்து வளர்ந்தால் திட்டு மீளும். குடம்பி ஒட்டுவதற்கான பாசி மேலோடும், விரைவாக எலும்புக்கூட்டைக் கட்டும் திறனும் அதற்குத் தேவை. அமிலமாதல் பாதிப்பது அவ்விரண்டையுமே. இன்று உடனடியாகக் கொல்வது எது என்று கேட்டால் வெப்பம்தான் என்று தயக்கமின்றிச் சொல்வேன். மீண்டு வருவதற்கான வழியை அடைப்பது அமிலமாதல்.

அமிலக் கடலில் மீன்கள் மோப்பத் திறனை இழந்து, தங்களை வேட்டையாடும் மீனிடமே போய்விடுகின்றன என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

2009ஐ ஒட்டி வெளியான சில ஆய்வுகள் கோமாளி மீன்களின் குஞ்சுகளைக் கொண்டு அப்படித்தான் கூறின. உலகெங்கும் அது பேசப்பட்டது. பின்னர் வேறொரு குழு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, ஆறு இனங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட மீன்களை வைத்து அதே சோதனைகளைத் திரும்பச் செய்தது. 2020இல் வெளியான அதன் முடிவு, மீன்களின் நடத்தையில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்பதே. இரு தரப்பினருக்கும் இடையே கடுமையான விவாதம் நடந்தது. இன்றைய நிலையில் அந்தப் பழைய கூற்றை உறுதியான உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. பவளத்திட்டைக் காக்க வேண்டும் என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கும்போது, ஆட்டம் கண்ட சான்றை முன்வைப்பது நம் பக்கத்தையே பலவீனமாக்கும்.

மீன்களுக்கு உறுதியான ஆபத்து வேறு வழியில் வருகிறது. மில்னே விரிகுடாவில் கண்டதுபோலக் கிளைப் பவளங்கள் குறைந்தால், குஞ்சுகள் ஒளியவும் நண்டு, இறால் போன்றவை தங்கவும் இடம் குறைகிறது. கடலடிப் பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடத்தில் அமைந்த பவளத்திட்டுகள், கடல் உயிரினங்களில் ஏறத்தாழக் கால் பங்குக்கு ஏதோ ஒரு பருவத்தில் புகலிடம் தருகின்றன என்றால், அதற்குக் காரணம் அவற்றின் மேடும் பள்ளமும் இடுக்கும்தான்.

பலாவ் நாட்டில் அமிலநீரிலும் பவளங்கள் செழித்திருப்பதாகப் படித்தேன். அப்படியானால் பவளங்கள் பழகிக்கொள்ளும் என்று நம்பலாமா?
— ஒரு வாசகர், சென்னை

நீங்கள் படித்தது சரிதான். பலாவின் பாறைத் தீவுகளுக்கு இடையே, நீர் நெடுநாள் தேங்கி நிற்கும் விரிகுடாக்களில், திறந்த கடல் இந்த நூற்றாண்டின் இறுதியில் அடையக்கூடிய அளவுக்கு பி.எச். இப்போதே குறைவு; ஆனாலும் அங்கே பவளங்கள் அடர்ந்தும் பல இனங்களாகவும் இருக்கின்றன. இதை நான் மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் அதே பலாவில் 2015இல் வெளியான ஆய்வு, பி.எச். குறைந்த இடங்களில் துளையிடும் உயிர்கள் பவள எலும்புக்கூட்டை அரிப்பது 11 மடங்காக இருப்பதையும் கண்டது.

இதைப் புரிந்துகொள்ள, பவளத்திட்டு ஒரு வரவு செலவுக் கணக்கில் நிற்கிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பவளங்களும் சுண்ணாம்புப் பாசியும் சேர்ப்பது வரவு. துளையிடும் கடற்பஞ்சுகளும் புழுக்களும் கடல் முள்ளெலிகளும் அரிப்பது, கிளிமீன்கள் சுரண்டித் தின்பது, மணலாகக் கிடக்கும் சுண்ணாம்பு இரவில் கரைவது ஆகிய எல்லாம் செலவு. நல்ல காலத்திலும் மிச்சம் சிறியதே. அமிலமாதல் வரவைக் குறைப்பதோடு நிற்காமல் செலவையும் கூட்டுகிறது. தனித்தனிப் பவளங்கள் பழகிக்கொண்டு உயிரோடு இருக்கலாம். அவை நிற்கும் திட்டு தேய்ந்துகொண்டே போகலாம். ஃபுளோரிடா கீஸ் தீவுகளின் வடபகுதித் திட்டுகளில் ஆண்டுக் கணக்கில் கரைவது படிவதை மிஞ்சிவிட்டதாக 2016இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. பழகிக்கொள்ளும் பவளங்களைத் தேடுவது பயனுள்ள பணிதான். அதை நம்பி வாயு வெளியேற்றத்தைத் தொடரலாம் என்பதற்கு பலாவில் ஆதாரம் இல்லை.

எங்கள் பக்கத்துப் பார்களில் (கடலடித் திட்டுகளில்) முன்பு பவளக்கல் வெட்டினார்கள். இப்போது அது நின்றுவிட்டது. இந்த அமில விஷயத்தில் உள்ளூரில் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா, அல்லது எல்லாம் வெளிநாட்டுப் புகையால் வருவதுதானா?
— மீனவ வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையிலான 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் போனதற்குப் பவளக்கல் வெட்டியது முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. சுண்ணாம்புக்காக வெட்டப்பட்ட அந்தத் திட்டுகள்தாம் அலையைத் தடுத்து நின்றவை. தேசியப் பூங்காவாக 1986இல் அறிவிக்கப்பட்ட பின்னும் வெட்டுவது நெடுநாள் நீடித்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிறகே நிலைமை மாறியது. அதைக் கைவிட்ட மீனவ ஊர்கள் செய்தது பெரிய காரியம்.

கார்பன் டை ஆக்சைடால் வரும் அமிலமாதலை ஒரு மாவட்டத்தில் மட்டும் நிறுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் கரையோர நீரில் உள்ளூர்க் காரணமும் சேர்ந்துகொள்கிறது. கழிவுநீரும் உரச்சத்தும் கலந்தால் பாசி பெருகும். அது மடிந்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து, கார்பன் டை ஆக்சைடு கூடி, பி.எச். மேலும் இறங்கும். 2019 செப்டம்பரில் நீங்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானபோது, ஆக்சிஜன் குறைவால் மீன்களோடு பவளங்களும் மடிந்தன. ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து விடச் சொல்லி உள்ளாட்சியை வற்புறுத்துவது, துளையிடும் உயிர்களுக்கு உணவு பெருகாமல் தடுப்பது, பாசியை மேயும் கிளிமீன்களை அளவோடு பிடிப்பது ஆகியவை திட்டின் வரவு செலவுக் கணக்குக்கு உதவும் வழிகள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த வளைகுடாவில் நெடுங்காலமாகப் பவளங்களை நட்டுவருகிறது. வான் தீவைச் சுற்றி வைக்கப்பட்ட செயற்கைத் திட்டுகளில் மீன் சேர்வதைத் தூத்துக்குடி மீனவர்கள் பார்த்திருப்பார்கள்.

கடலில் சுண்ணாம்பைக் கொட்டி அமிலத்தைச் சரிசெய்ய முடியாதா?
— ஒரு வாசகர், சேலம்

கோட்பாட்டளவில் முடியும், ஒன் ட்ரீ தீவில் காரத்தைச் சேர்த்தபோது திட்டு உடனே பதிலளித்தது. ஆனால் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது அதிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, எரிபொருளின் புகை வேறு. கடல் ஆண்டுதோறும் உறிஞ்சும் வாயுவோ ஏறத்தாழ 1,000 கோடி டன். அதற்கு ஈடுகொடுக்கும் அளவில் கனிமத்தை வெட்டி, அரைத்து, கப்பலில் கொண்டுபோய்த் தூவுவது சுரங்கத் தொழிலையே பல மடங்காக்கும் முயற்சி. சிறிய காயல்களில் சோதித்துப் பார்ப்பதை நான் ஆதரிக்கிறேன்; பெருங்கடலுக்கு இதைத் தீர்வாகச் சொல்வதை ஆதரிக்க முடியவில்லை.

எங்கள் கல்லூரியில் பி.எச். மீட்டர் இருக்கிறது. மாதம் ஒரு முறை கடல்நீரை அளந்து வைத்தால் பயன்படுமா?
— விலங்கியல் மாணவர்கள், தூத்துக்குடி

உங்கள் ஆர்வம் வீணாகக் கூடாது என்பதற்காகச் சற்று நுணுக்கமாகவே சொல்கிறேன். திறந்த கடலில் பி.எச். ஆண்டுக்கு ஏறத்தாழ 0.002 அளவில்தான் குறைகிறது. சாதாரணக் கண்ணாடி மின்முனை மீட்டரின் பிழையே அதைவிடப் பல மடங்கு. மேலும், ஆழம் குறைந்த பவளத்திட்டில் பகலில் ஒளிச்சேர்க்கையால் பி.எச். ஏறும், இரவில் சுவாசத்தால் இறங்கும். விடியற்காலையிலும் பிற்பகலிலும் எடுத்த நீர் ஒரே நாளிலேயே வெகுவாக வேறுபடும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதே நேரம், அதே ஓத நிலை, அதே ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் உடன் குறியுங்கள். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருந்தால் மெட்டா கிரெசால் பர்ப்பிள் சாயத்தைக் கொண்டு அளக்கும் முறை மீட்டரைவிட மிகவும் நம்பகமானது. பி.எச். மட்டும் தெரிந்தால் கார்பனேட் அயனியின் அளவைக் கணக்கிட முடியாது, பி.எச்., மொத்தக் காரத்தன்மை, மொத்தக் கனிமக் கார்பன், கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் ஆகிய நான்கில் ஏதேனும் இரண்டு வேண்டும். உங்கள் ஆய்வகத்தில் எளிதாகச் செய்யக்கூடிய இரண்டாவது அளவீடு மொத்தக் காரத்தன்மைதான். அதற்குத் துல்லியமாகத் தயாரித்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொறுமையான தரம்பார்த்தலும் போதும். பத்தாண்டு கழித்து வருபவர் நம்பிப் பயன்படுத்த, ஒவ்வொரு மாதிரியின் நேரத்தையும் முறையையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். தீவுகளைச் சுற்றிய நீர் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டது என்பதால், அங்கே மாதிரி எடுக்குமுன் வனத்துறையின் அனுமதியைப் பெற வேண்டும்.